மகளின் அரங்கப் பட்டறையை நிறுத்தவா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் சம்பூர். 2006 இல் இடம்பெயர்ந்தோம். முதலில் மட்டக்களப்பில் முகாம், பிறகு கிளிவெட்டி முகாம். மகள் கிளிவெட்டியில் இருந்தபோது பிறந்தவள். காணிகள் திரும்பக் கிடைத்ததும் என் அம்மா ஊரில் போய்க் குடியேறிவிட்டார். கணவருக்கு வேலை திருகோணமலை டவுனில் என்பதால் நாங்கள் உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது, இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்க வேண்டும். சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் ஓர் அரங்கப் பட்டறைக்குப் போகிறாள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். வாய் திறக்காத பிள்ளை கலகலப்பாகிவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன். போன மாதம் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, யுத்த காலத்தில் காணாமல் போன என் தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று அழுதுகொண்டு வந்தாள். "டவுனில் என்னைச் சம்பூர்ப் பிள்ளை என்கிறார்கள், சம்பூரில் டவுன் பிள்ளை என்கிறார்கள், நான் எந்த ஊர்?" என்று கேட்கிறாள். மாமாவின் கதையை மேடையில் செய்யப் போகிறாளாம். பழசைக் கிளறாமல் இதை இந்தச் சனிக்கிழமையோடு நிறுத்து என்கிறார் கணவர். நான் என்ன செய்ய?
ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். சனிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக இதுவரை நடந்தபடியே நடக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். பட்டறை நடத்துபவர்களிடம் நீங்கள் நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். வீட்டில் நீங்களும் மகளும் இருந்து கதைக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கடினமானது அதுதான்.

அழுகையைப் பற்றி முதலில் பார்ப்போம். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு பதறும். ஆனால் கிழக்கில் இளம் பிள்ளைகளோடு அரங்க வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. அடுத்து வரும் நாட்களைப் பார்ப்போம். ஒழுங்காக நித்திரை கொள்கிறாளா, சாப்பிடுகிறாளா, கூட்டாளிகளோடு வழக்கம்போலக் கதைக்கிறாளா, அடுத்த சனிக்கிழமை தானாகவே வெளிக்கிடுகிறாளா? இதற்கெல்லாம் ஆம் என்றால், அந்த அழுகை அவளுக்குத் தேவைப்பட்ட அழுகை. மாறாக இரவில் திடுக்கிட்டு எழும்புவது, அறைக்குள் முடங்குவது, உயிர் வாழ்வதே வீண் என்பதுபோலப் பேசுவது என்று ஏதாவது தெரிந்தால் பட்டறையை விட்டுவிட்டு உடனே ஓர் உளவளத்துணையாளரிடம் கூட்டிப் போங்கள். தேசிய உளநல உதவி எண் 1926, தமிழிலும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. கலகலப்பாகிவிட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

"நான் எந்த ஊர்?" என்று அவள் கேட்பது அந்த வயதுக்கே உரிய கேள்வி. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் பதின்ம வயதின் முதன்மையான வேலையே "நான் யார்" என்று தேடுவதுதான் என்றார். அவர் வழியில் ஜேம்ஸ் மார்சியா 1966 இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். வீட்டில் சொன்னதைத் தேடிப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் வெளிப்பார்வைக்கு மிகவும் அமைதியாக இருப்பார்கள். தேடலின் நடுவில் நிற்கும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் குழம்புவார்கள், கேள்வி கேட்பார்கள், சில நேரம் வீட்டாரோடு மோதுவார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுவது. ஆனால் யோசித்து, தனக்குப் பொருந்துகிற ஒரு முடிவுக்கு வந்து சேர்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தின் வழியாகத்தான் வருகிறார்கள். உங்கள் மகள் இப்போது அந்த வழியில் இருக்கிறாள்.

இதில் திருகோணமலைக்கென்றே ஒரு விஷயமும் இருக்கிறது. இங்கே "எந்த ஊர்" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத குடும்பங்கள் ஏராளம். பாலையூற்றில் பறங்கியர் வீடுகளில் வயதானவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கீசக் கலப்பு மொழி பேசுவார்கள், வாசலுக்கு வந்தால் தமிழ் பேசுவார்கள். வெருகல் பக்கம் கரையோர வேடர் தமிழ்தான் பேசுகிறார்கள், கோயில் திருவிழாவில் மற்றவர்களோடு நிற்கிறார்கள், வேடர் என்ற அடையாளத்தையும் விடவில்லை. கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறக்கும்வரை டவுனுக்கு வர ஒவ்வொரு தடவையும் "பாதை" என்கிற படகில் ஏற வேண்டும். இன்றைய பிள்ளைகள் பாலத்தில் பஸ்ஸில் போகிறார்கள், பாதைக்காகக் காத்திருந்த கதை அவர்களுக்கு உம்மாமார் சொல்லித்தான் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 31 வீதம், சிங்களவர் 27 வீதம். பாதிக்கு மேல் எந்தச் சமூகமும் இல்லை. இப்படியொரு மாவட்டத்தில், முகாமில் பிறந்து, டவுனில் வளர்ந்து, அம்மம்மாவின் ஊருக்கு விடுமுறையில் போய்வருகிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். "நீ சம்பூர்தான்" என்றோ "நீ டவுன்தான்" என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், கிளிவெட்டியையும் சேர்த்து மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

இதை ஏன் அரங்கில் போய்த் தேட வேண்டும், வீட்டில் தேடக்கூடாதா என்று உங்கள் கணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நல்ல பட்டறை ஒன்று பேச்சில் தொடங்காது. முதலில் அரங்க விளையாட்டுகள்: ஓடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் கையைப் பிடித்து நடப்பது. உடம்பின் இறுக்கம் தளரும், பக்கத்தில் நிற்பவர் மேல் நம்பிக்கை வரும். அப்புறம் உறைநிலைக் காட்சிகள். "வீடு" என்று சொன்னால் நாலு பேர் சேர்ந்து உடம்பால் ஒரு வீட்டைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறைகளில் இதுவும் ஒன்று. வார்த்தை தேவையில்லை என்பதால் கூச்சக்காரப் பிள்ளைக்கும், கந்தளாயிலிருந்து வரும் தமிழ் தெரியாத பிள்ளைக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கிறது. ஒருத்தி கதவாக நிற்பாள், இன்னொருத்தி வாசலில் கட்டி வைத்த மூட்டையாக இருப்பாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்து, தங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். தன் மனதில் மட்டும் இருந்த ஒன்றை இன்னொருவரும் கண்டுகொண்டார் என்ற உணர்வு அப்போது வரும். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

பாத்திரம் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். பாத்திரம் ஏற்ற பிள்ளை, "இதைச் சொல்வது நான் இல்லை, இந்தப் பாத்திரம்" என்ற மறைப்புக்குள் நின்று தன் மனதில் உள்ளதைப் பேசிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கிழமை வேறு ஒருவராகலாம். வீட்டில் அப்படி முடியாது, வீட்டில் அவள் எப்போதும் மகள்தான்.

இந்த மறைப்பு இல்லாமல் போனால்தான் ஆபத்து. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பொருள் கொண்டுவரும் பயிற்சி பல இடங்களில் செய்வது, நல்ல பயிற்சிதான். ஆனால் அதற்கு முன்னால் "வீட்டில் கேட்டுக்கொண்டு எடுத்து வாருங்கள், மற்றவர்களுக்குக் காட்ட மனமுள்ளதை மட்டும் கொண்டு வாருங்கள், அன்று பேச விருப்பமில்லை என்றால் பேசாமல் இருக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். முடிந்த பிறகு பிள்ளைகளை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பாமல் வட்டமாக இருத்தி, மனம் ஆறும்வரை கதைத்துவிட்டு அனுப்ப வேண்டும். இவை நடந்தனவா என்று பட்டறையை நடத்தும் வளவாளர்களிடம் கேளுங்கள். கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. நல்ல வளவாளர் உங்கள் கேள்வியை வரவேற்பார். "அம்மா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்கிற தொனியில் பதில் வந்தால் அந்த இடத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

இப்போது படத்தைப் பற்றி. வீட்டில் ஒருவர் இறந்தால் படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிறோம், திவசம் கொடுக்கிறோம். காணாமல் போனவருக்கு அதைச் செய்ய மனம் வராது. மாலை போட்டால் இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். சும்மா மாட்டி வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதனால் படம் பெட்டிக்குள் போகிறது, அதோடு பேச்சும் உள்ளே போகிறது. இந்த நிலையைப் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் "தெளிவற்ற இழப்பு" என்றார். துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நிற்பதால் குடும்பங்கள் அதைப் பற்றிப் பேச முடியாமல் போவது இயல்பு என்பது அவர் சொன்ன முக்கியமான கருத்து. நீங்கள் பேசாமல் இருந்தது உங்கள் பிழை இல்லை. ஆனால் பேசாத வீட்டில் வளர்கிற பிள்ளைக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியும். உங்கள் மகளுக்குப் பெட்டி எங்கே, படம் எதற்குள் என்றெல்லாம் தெரிந்திருக்கிறது. உங்களிடம் கேட்க முடியாததை அவள் பட்டறையில் போய்க் கேட்டாள்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிவுஷ், மார்ஷல் டியூக் இருவரும் பிள்ளைகளிடம் குடும்பக் கதைகள் பற்றி 20 கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பதுபோன்ற எளிய கேள்விகள். கூடுதலாகத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. கதை தெரிந்தது மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, கதை சொல்கிற வீட்டில் நெருக்கமும் இருக்கும் அல்லவா. அந்த நெருக்கம்தான் இப்போது உங்கள் இருவருக்கும் தேவை.

எப்படித் தொடங்குவது? அவர் காணாமல் போன நாளில் தொடங்காதீர்கள். தம்பி உயிரோட்டமாக இருந்த நாட்களில் தொடங்குங்கள். என்ன சாப்பாடு பிடிக்கும், உங்களை என்ன சொல்லிப் பகிடி பண்ணுவார், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் யாரோடு திரிவார். அதுவே முதல் நாளுக்குப் போதும். பிறகொரு நாள், "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கும் தெரியாது, இதைக் கதைக்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். நீங்கள் அழுதால் அழுங்கள், அவள் பார்த்தால் பரவாயில்லை. ஆனால் தேடும் பொறுப்பையோ கோபத்தையோ அவள் தலையில் இறக்கி வைத்துவிடாதீர்கள். அவளுக்கு 16 வயது.

மாமாவின் கதையை மேடையில் செய்வதற்கு என் பதில்: இப்போது வேண்டாம், அந்த வடிவில் வேண்டாம். அந்தக் கதை முதலில் உங்களுடையது, உங்கள் அம்மாவுடையது. நீங்கள் இருவரும் சம்மதிக்காமல் யாரும் அதைப் பொதுவில் ஆடக்கூடாது. பெயர், படம், ஊர் எல்லாம் தெரிய மேடையேறிய ஒரு கதை அன்றிரவே பேஸ்புக்கில் இருக்கும், பிறகு திரும்பப் பெற முடியாது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இதில் சாதாரணப் பயத்துக்கு மேலேயே காரணங்கள் உண்டு, உங்கள் கணவரின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே நேரம் மகளிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பெட்டி மறுபடியும் பூட்டப்படும். வேறு வழி இருக்கிறது. ஊரும் பெயரும் இல்லாத ஒரு வீட்டை அவள் கற்பனையில் உருவாக்கலாம். அந்த வீட்டில் சுவரில் மாட்டப்படாத ஒரு படம் இருக்கிறது, அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பேச்சை மாற்றுகிறார்கள். அது யாருடைய படம் என்று கடைசிவரை சொல்ல வேண்டியதே இல்லை. அவளுக்கு உண்மையில் சொல்ல வேண்டியது முழுவதும் அதில் வந்துவிடும். இந்த யோசனையை வளவாளரிடம் நீங்களே முன்வைக்கலாம்.

பல சமூகப் பிள்ளைகள் கலந்திருப்பதைப் பற்றி நீங்கள் எதிர்ப்பாக எழுதவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் விழா வைத்து, தமிழ்ப் பிள்ளைகள் பரதம், முஸ்லிம் பிள்ளைகள் களிக்கம்பு, சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம் என்று வரிசையாக ஆடவிட்டு, விருந்தினர் பேசி, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் நிகழ்ச்சிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் இனத்தின் பிரதிநிதியாக வந்து பிரதிநிதியாகவே திரும்பிப் போகிறது. டவுனுக்கும் சம்பூருக்கும் நடுவில் நிற்கிற உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்கு அந்த மேடையில் இடமே இல்லை. கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே சொன்னார்: வெறுமனே சந்திப்பதால் குழுக்களுக்கு இடையிலான வெறுப்புக் குறையாது, சம நிலையில் நின்று பொதுவான ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவும் அதற்கு இருக்க வேண்டும் என்று. மாதக்கணக்கில் சேர்ந்து ஒரே நாடகத்தை உருவாக்குவது இந்த நிபந்தனைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் யுத்தத்துக்கு நடுவிலும் சேர்ந்து மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் வேலை செய்தார்கள். பராக்கிரம நிரியெல்ல முன்னின்று நடத்திய மக்கள் களரியில் தமிழ், சிங்கள இளைஞர்கள் ஒரே குழுவாக வாழ்ந்து, இரு மொழியிலும் நடித்து, கொட்டகையோடு ஊர் ஊராகப் போனார்கள். அதனால் உங்கள் மகளின் பட்டறையில் கேட்க வேண்டியது: கந்தளாய்ப் பிள்ளைகளுக்கு யார் மொழிபெயர்க்கிறார்கள், நாடகத்தின் கதையை யார் முடிவு செய்கிறார்கள், பிள்ளைகளா அல்லது காசு கொடுக்கும் நிறுவனமா?

இன்னொன்று, இது உங்கள் அம்மாவோடு சம்பந்தப்பட்டது. மூதூர்ப் பக்கத்து ஊர்களில் கூத்து ஆடிய வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுக்கும் சட்டம் கொடுத்தல் தொடங்கி, கிழமைதோறும் பழகும் கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் ஓர் ஊரே ஒன்றாக இருந்த முறை அது. இடப்பெயர்வோடு ஏடுகளும் உடுப்புகளும் பல இடங்களில் போய்விட்டன, ஆனால் தாளமும் தரு என்கிற கூத்துப் பாட்டும் ஆட்களுக்குள் இருக்கின்றன. அம்மம்மாவுக்கு ஒரு வரி தெரிந்திருந்தால் அது மகளின் நாடகத்துக்குள் வரலாம். "சம்பூர்ப் பிள்ளை" என்பது அவளுக்கு அப்போது ஊரார் ஒட்டிய பட்டமாக இராமல், கையிலுள்ள ஒரு பாட்டாக மாறும். ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பழைய கூத்தில் பெண்கள் ஆடியதில்லை, பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், யார் எதை ஆடலாம் என்பதில் சாதியும் இருந்தது. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் போன்றவர்கள் கூத்து மீளுருவாக்கத்தில் இந்தக் கேள்விகளை ஊர்க்காரர்களோடு இருந்தே எழுப்பியிருக்கிறார்கள். உங்கள் மகளும் அம்மம்மாவிடம் பாட்டைக் கற்றுக்கொண்டு, "ஏன் பொம்பிளைகள் ஆடவில்லை?" என்றும் கேட்கட்டும். மரபை நேசிக்கவும் அதோடு வாதாடவும் ஒரே பிள்ளையால் முடியும்.

பரீட்சை விஷயம் சுருக்கமாக. வாரத்தில் ஒரு சனிக்கிழமையால் ஓ.எல். கெட்டுப்போகாது. ஒத்திகை கூடும் கிழமைகள்தான் சிக்கல். கடைசி 2 மாதத்துக்கு அவளுக்குச் சிறிய பாத்திரம் கொடுக்கும்படியும், ஆற்றுகையைப் பரீட்சைக்குப் பிறகு வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே பரீட்சைதானே, அவர்களின் பெற்றோரும் இதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் நாடகமும் அரங்கியலும் பாடத்தையே ஓ.எல். இல் எடுக்கிறாளாக இருந்தால் இந்தப் பயிற்சி நேரடியாகவே உதவும்.

வளவாளர்களைச் சந்திக்கும்போது இவற்றையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் படமோ வீடியோவோ இணையத்தில் போடக்கூடாது, பெண் வளவாளர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும், பிள்ளை கலங்கினால் கூட்டிப்போக உளவளத்துணையாளர் ஒருவரோடு தொடர்பு இருக்க வேண்டும், முடிந்து வீடு திரும்பும் நேரம் இருட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம், நிறுத்துவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பெற்றோர் வந்து ஓரத்தில் கதிரை போட்டு இருப்பதை நல்ல பட்டறை தடுக்காது. முழு நேரமும் இருக்கத் தேவையில்லை, விளையாட்டுகள் நடக்கும் முதல் ஒரு மணித்தியாலம் போதும். மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நின்றால் உளவு பார்க்க வந்ததாக நினைப்பாள். பார்த்த பிறகும் அவர் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அந்த முடிவை மகளையும் இருத்தி மூன்று பேருமாகக் கதைத்து எடுங்கள். எது நடந்தாலும் படத்தைப் பற்றிய பேச்சைப் பட்டறையின் முடிவுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், அதை இந்தக் கிழமையே தொடங்குங்கள்.